போனைக் கொடுத்தது நான்தான்

உன் மகள் பிறந்த வருஷத்துக்கு என்ன நம்பர் என்று எனக்குச் சொல்லத் தெரியாது தம்பி. ஊரே மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு நடந்ததே, அந்த நோய் இரண்டாம் தடவை வந்த வருஷம் அது. புயல் அடித்து நம் மாவட்டத்துப் பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்து மூன்றாவது வருஷம். அந்த ஆண்டு நம் வேதக்கோயில் திருவிழாவுக்குச் சப்பரம் தூக்கவில்லை. சாமியார் பூசையை மட்டும் வைத்துவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் பெய்து, பெரிய கண்மாய் நிரம்பி, மூன்று நாள் கலிங்கு பாய்ந்தது. உன் மகளுக்கு அப்போது ஆறு மாதம். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் விழுவதைக் காட்டக் கூட்டிப் போனேன். தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்த இரைச்சலையும் மீறி ஒரு சத்தம் கொடுத்தாள். நான் பதிலுக்கு ஒரு சத்தம் கொடுத்தேன். அவள் திரும்பவும் கொடுத்தாள். கலிங்கில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இந்தக் கடிதம் அந்தச் சத்தத்தைப் பற்றியது. அது எப்படி அடங்கிப் போனது, யாரால் அடங்கிப் போனது என்பதைப் பற்றியது.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அங்கன்வாடி டீச்சர்தான் எழுதுகிறார். நான் நம் பேச்சில் சொல்லச் சொல்ல, அவர் அதைப் புத்தகத்தில் இருப்பது மாதிரி எழுதிக்கொள்கிறார். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். என் பக்கம் நியாயமாகத் தெரியும்படி எதையும் மெழுகக் கூடாது, விடவும் கூடாது என்றேன். சரி என்றார். மேலத்தெரு பிரிட்டோ லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை சவுதிக்குத் திரும்புகிறான். அவன் பெட்டியில் உனக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் இந்தக் கடிதமும் வரும். ஊறுகாயை ரூமில் எல்லாருக்கும் கொடுப்பாய். கடிதத்தையும் அப்படியே படித்துக் காட்டு. உன் ரூமில் எட்டுப் பேர் என்கிறாய். எட்டுப் பேருக்கும் ஊரில் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் என்னை மாதிரி ஆட்கள்தான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் 'ம்' போடுகிறேன். நாலு வருஷமாக நம் பேச்சு அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். "யப்பா, கிறிஸ்மஸ் லீவுல வாரேன். வந்த கையோட பிள்ளையத் தூக்கிட்டுப் போயி திருச்சியில அக்கா வீட்டுல விட்ருவேன். பெத்த பிள்ளைய போனுட்டக் குடுத்து ஊமையாக்குனவகூட இனிமே எனக்குப் பேச்சு இல்ல. அவ அறந்தாங்கியில அவுக ஆத்தா வீட்டுலயே கெடக்கட்டும்" என்றாய். நான் "ம்" என்றேன். நீ வைத்துவிட்டாய். அந்த 'ம்' எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. நீ ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிளக்கிறேன் என்கிறாய், அதற்குக் காரணமான ஆள் மறுமுனையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்று அதற்கும் 'ம்' போடுகிறேன். தம்பி, பிள்ளைக்குப் போனைக் கொடுத்தது உன் பெண்டாட்டி இல்லை. நான்தான். இந்த வரியைச் சொன்னதும் டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். எழுதும்மா என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் போன் நீ அனுப்பியதுதான். உன் அம்மா படுக்கையில் விழுந்தபோது, அவள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கொடுத்துவிட்டாய். அவள் பார்த்தாள். அதில் குறை இல்லை. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் பிள்ளை அழுகிறாள், உன் அம்மாவுக்கோ வலி குறைந்து அப்போதுதான் கண் அசந்திருக்கிறது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. போனில் பொம்மைகள் ஆடுகிற பாட்டு ஒன்று ஓடும், அதை மருமகள் ஒரு தடவை போட்டதைப் பார்த்திருக்கிறேன். பச்சைக் கிளி படம் போட்டிருக்கும் இடத்தைத் தொட்டேன். பிள்ளையின் அழுகை குழாயை மூடியது மாதிரி நின்றது. உன் அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பழக்காதீங்க. அது அழுதா அழுதுட்டுப் போவுது. எனக்கு ஒண்ணும் செய்யாது." நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு நீ வந்தாய், பத்து நாள் இருந்தாய், போனாய். மருமகள் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போவது என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்தீர்கள். அவள் படித்த படிப்பு அது, போகட்டும் என்று நானும்தான் சொன்னேன். காலையில் எட்டு மணிக்கு பஸ். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்புவாள். நடுவில் நானும் பிள்ளையும். முதல் வாரம் பிள்ளை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அம்மா வருவாங்க, கஞ்சி குடிப்போம் வா" என்று கூப்பிட்டால் என் கையைத் தட்டிவிடுவாள். ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். பாதி என் வேட்டியில் இருக்கும். ஒரு நாள் பச்சைக் கிளியைத் தொட்டேன். வாய் தானாகத் திறந்தது. கிண்ணம் காலியானது.

சோறு ஊட்டத்தான் கொடுத்தேன் என்று இதோடு நிறுத்திக்கொண்டால் நீ மன்னித்துவிடுவாய். எல்லார் வீட்டிலும் அப்படித்தானே கொடுக்கிறார்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை. கஞ்சி கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் நான் போனை வாங்கவில்லை. ஏன் என்றால், போன் ஓடும் வரைக்கும் பிள்ளை என் மடியில் இருப்பாள். நிறுத்தினால் இறங்கிக் கேட்டுக்குப் போய்விடுவாள். மடியில் அவள் கனம் எனக்கு வேண்டியிருந்தது தம்பி. உன் அம்மா போன பிறகு என்னைத் தொட்ட ஆள் கிடையாது. நாற்பத்தாறு வருஷம் ஒருத்தி பக்கத்தில் இருந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, முதுகில் பவுடர் போட்டு, சண்டை போடும்போது தோளில் ஒரு இடி இடித்து, எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டது. பகலெல்லாம் அந்த வீட்டில் பேன் சுற்றுகிற சத்தம்தான். பிள்ளை மடியில் சாய்ந்தால் அவள் உச்சந்தலை என் தாடைக்குக் கீழே சூடாக இருக்கும். அவள் கண் போனில் இருக்கும், என் முகத்தில் இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது போதும் என்று இருந்தேன். காலையில் இரண்டு மணி நேரம், மத்தியானம் தூங்கி எழுந்து இரண்டு மணி நேரம். கொஞ்ச நாளில் தூக்கத்துக்கும் அதுவே.

எனக்குப் பெருமையும் இருந்தது, அதையும் சொல்கிறேன். உன் போட்டோ போனில் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. இரண்டு வயதில் உன் மகள் விரலால் தள்ளித் தள்ளி எடுத்துக் காட்டுவாள். டீக்கடையில் போய் அளந்தேன். "எம்பேத்தி ரெண்டு வயசுல சவுதிக்கே போன் போடுது. நான் எழுபத்தஞ்சுலயும் கைநாட்டு" என்றேன். சவரிமுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீடு, முப்பது வருஷம் என்னோடு கிணறு வெட்டிய கை. அவன் விடுவானா? "போன் போடுது சரி, ஒன்னயத் தாத்தான்னு ஒரு தடவ கூப்புட்டுச்சா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "கூப்புடும் கூப்புடும், ஒன்னய மாதிரி லொடலொடன்னு பேச அது என்ன ஓட்ட வண்டியா?" என்று நானும் அடித்துவிட்டேன். அவன் சும்மா இருக்கவில்லை. அடிக்கடி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னப்பா, தியேட்டர்ல இன்னிக்கு எத்தன ஆட்டம்?" என்பான். ஒரு நாள் மட்டும் சிரிக்காமல் சொன்னான்: "பிள்ள கண்ணு சிமிட்டவே மாட்டேங்குதுப்பா. வாங்கி வையி." அன்றைக்கு நான் அவனோடு பேச்சை நிறுத்தினேன். ஒரு மாதம் பேசவில்லை.

மருமகளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பாய். அவள் கண்டிப்பானவள். சாயங்காலம் நீ கூப்பிடும்போது மட்டும்தான் பிள்ளை கையில் போன் போகும். அரை மணி நேரம். பிறகு அலமாரி மேல் வைத்துவிடுவாள். "மாமா, பகல்ல குடுக்கலைல்ல?" என்று வேலையிலிருந்து வந்ததும் கேட்பாள். "இல்லத்தா, நாங்க கோழி பாத்துக்கிட்டு இருந்தோம்" என்பேன். இந்தப் பொய்யைக் காப்பாற்ற எனக்கு ஒரு வழி இருந்தது. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, படம் தெரியும். போனின் மூலையில் சின்ன டப்பா மாதிரி ஒன்று இருக்கும், அது பச்சையாக நிரம்பியிருந்தால் போனை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். அதனால் நாலு மணி ஆனதும் பிள்ளை கையிலிருந்து பிடுங்கிச் சார்ஜில் போட்டுவிடுவேன். பிடுங்கினால் அவள் தரையில் உருண்டு புரண்டு தலையை முட்டிக்கொள்வாள். அழுது ஓய்ந்து, முகம் கழுவி, பவுடர் போட்டு, ஆறரைக்கு அம்மா வரும்போது டப்பாவும் நிரம்பியிருக்கும், பிள்ளையும் அமைதியாக இருப்பாள். இப்படி ஒன்றரை வருஷம். கிணற்று வேலையில் கூலிக்கு ஒரு பொய் சொன்னதில்லை நான். வயதான காலத்தில் பிள்ளை விஷயத்தில் தினம் ஒரு பொய் சொன்னேன்.

மூன்று வயதில் அங்கன்வாடியில் சேர்த்தோம். ஒரு மாதம் கழித்து டீச்சர் மருமகளைக் கூப்பிட்டு, "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாம்மா. சிவப்பு, பச்சைன்னு கலரெல்லாம் இங்கிலீஷ்ல பாட்டு மாதிரி சொல்றா. ஆனா தண்ணி வேணும்னு கேக்கத் தெரியல. என் கையப் பிடிச்சுக் கொண்டுபோயி பானைமேல வைக்கிறா. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டுங்க" என்றார். இதை இப்போது எழுதிக்கொண்டிருப்பதும் அதே டீச்சர்தான். புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனோம். காது பார்த்தார்கள். நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா உட்கார வைத்துக் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பாக்குறா?"

"சாயந்தரம் அரை மணி நேரம், டாக்டர். அவங்கப்பா வெளிநாட்டுல இருந்து பேசுறப்ப" என்றாள் மருமகள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தேன். "போன் ஒண்ணாலதான் இப்படின்னு நான் சொல்ல மாட்டேன். வேற என்னன்னும் பாக்கணும். ஆனா பிள்ளை நம்ம வாயப் பாத்துத்தான் பேசக் கத்துக்கும். நாம ஒண்ணு சொல்லணும், அது ஒண்ணு சொல்லணும், நாம காத்திருக்கணும். போன் காத்திருக்காது. முழுசா நிப்பாட்டுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு வாங்க" என்றார்.

காத்திருக்கணும் என்ற அந்த வார்த்தை நேராக என் தொழிலில் வந்து இடித்தது. ஏன் என்று உனக்குத்தான் புரியும். கிணற்று வேலையில் கீழே ஒருவன், மேலே ஒருவன். மேலே நின்றது நான், கீழே சவரிமுத்து. கூடையை இழுப்பதோடு மேலே நிற்பவன் வேலை முடிந்துவிடாது. அவன் கீழே பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆழத்தில் காற்று கெட்டிருந்தால் கீழே இருப்பவனுக்கே தெரியாது, மயக்கம் சொல்லிக்கொண்டு வராது. "பாறை எப்படி இருக்கு?", "நேத்து வீட்டுல என்ன கொழம்பு?" என்று எதையாவது கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வர ஒரு மூச்சுத் தாமதமானாலும் உடனே கயிற்றை இழுத்து ஆளை ஏற்றிவிட வேண்டும். முப்பது வருஷத்தில் இரண்டு தடவை அவனை அப்படி ஏற்றியிருக்கிறேன். காத்திருப்பதுதான் என் தொழில். கீழே இருந்து பதில் வராததை மற்றவர்களுக்கு முன்பு கண்டுபிடிக்கிற காது எனக்கு இருந்தது. என் மடியிலேயே ஒரு பிள்ளை பதில் சொல்வதை நிறுத்தினாள். ஒன்றரை வருஷம் நான் கயிற்றை இழுக்கவில்லை.

உன்னை வளர்க்கும்போதும் நாங்கள் ஒன்றும் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. உனக்கு ஐந்து வயது இருக்கும்போது உன் அம்மா மண் சுமக்க வருவாள், உன்னை விட்டுவர ஆள் இல்லை. குழிப்பக்கம் வந்துவிடக் கூடாது என்று மேஸ்திரியின் ரேடியோவைக் கொடுத்து வேப்பமரத்தடியில் உட்கார வைப்போம். நாள் முழுக்க ரேடியோதான். ஆனால் நீ அதைக் கேட்டுவிட்டு எங்களிடம் வந்து ஒப்பிப்பாய். "புதுக்கோட்டை மாவட்டத்தில் இடியுடன் கூடிய மழை பெய்யும். யம்மா, கூடையக் கீழ வையி, மழை வருது" என்பாய். மேஸ்திரி விழுந்து விழுந்து சிரிப்பார். சில சமயம் வேலை கெடுகிறது என்று நான் உன்னை அதட்டி, முதுகில் இரண்டு வைத்து அனுப்பியிருக்கிறேன். அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன். போனும் ரேடியோ மாதிரிதானே, உன்னை என்ன கெடுத்துவிட்டது என்று என் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டும் ஒன்றில்லை. ரேடியோ உன்னைக் கட்டிப்போடவில்லை. உனக்குச் சொல்ல எங்களிடம் ஆயிரம் இருந்தது, எங்கள் முகத்தைத் தேடி வந்தாய். உன் மகளுக்கு யார் முகமும் தேவைப்படவில்லை.

டாக்டர் சொன்னதை அன்று சாயங்காலம் மருமகள் உன்னிடம் சொன்னாள். நீ கத்தினது எனக்கு அடுப்படி வரை கேட்டது. "வீட்டுல யாருடீ பிள்ளைட்ட போனக் குடுத்தது?" என்று கேட்டாய். நான் கதவுப் பக்கம் நின்றேன். இப்போது உள்ளே போய் 'நான்தான்டா' என்று சொல்லிவிட வேண்டும் என்று காலை எடுத்து வைத்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "நான்தாங்க குடுத்தேன். வேல அலுப்புல குடுத்துட்டேன்." நான் எடுத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ அவளைப் பேசியது எதையும் நான் இதில் எழுதச் சொல்லப்போவதில்லை. ஒரு பெண்ணை, டீச்சரை வைத்து அதை எழுத வைக்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அவள் வேலையை விட்டாள். பிள்ளையோடு அறந்தாங்கிக்குக் கிளம்பினாள். அங்கே அவள் அம்மா, தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பேச ஆள் இருக்கிறது. பயிற்சி கொடுக்கிறவரும் பக்கத்தில் இருக்கிறார். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"ஆத்தா, நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"போனக் குடுத்தது நீன்னு."

அவள் நிமிரவில்லை. "எனக்குத் தெரியும் மாமா. காலையில நான் பாதி சார்ஜுல வச்சுட்டுப் போவேன். சாயந்தரம் நெறஞ்சிருக்கும். நீங்க யாருக்குப் போன் பேசுறதுக்குச் சார்ஜ் போடப் போறீங்க? கையில எடுத்தா சூடு ஆறாம இருக்கும்."

"எப்ப இருந்து தெரியும்?"

"ரொம்ப நாளாவே தெரியும். கேக்கலாம்னு வருவேன். நீங்க பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்குறதப் பாத்தா கேக்க வராது. அத்தை போனதுல இருந்து நீங்க நிமிந்து உக்காந்து நான் பாத்தது அப்பத்தான். ஒங்களுக்கும் ஒரு ஆளு வேணும்ல. கொஞ்ச நாள்ல தானா கொறைச்சிருவீங்கன்னு இருந்துட்டேன். அது என் தப்புதான். அதான் நான்னு சொன்னேன்."

"அவன்கிட்ட உண்மையச் சொல்லிர்றேன்த்தா."

"வேணாம் மாமா. அவுக ஒங்கட்டப் பேசுறதே வாரத்துக்கு ஒருக்க. அதுவும் நின்னுபோச்சுன்னா இந்த வீட்டுல யாரு குரலக் கேப்பீங்க? என்கூட அவுக கோவம் ஆறிரும்."

ஆறவில்லை. ஆறு மாதமாகிறது. நீ ஒரு தடவைகூட அவளுக்குக் கூப்பிடவில்லை. எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாய். அவளுக்குச் சேர வேண்டிய அந்தக் குரலை நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன் மற்ற நாளெல்லாம் அலமாரி மேல் கிடக்கிறது. சில நாள் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். சாயங்காலம் இருமும்போதுதான் எனக்குக் குரல் இருக்கிறது என்று தெரிகிறது.

போன வாரம் பஸ் ஏறி அறந்தாங்கிக்குப் போய்வந்தேன். பிள்ளை என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் கையை விட்டாள். இடது பை, வலது பை, இடுப்பு மடிப்பு வரை தேடினாள். போன் இல்லை என்று தெரிந்ததும் என்னை அடித்தாள், அரை மணி நேரம் அழுதாள். அவள் அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்காமல், ஒன்றும் கொடுக்காமல், "போன் இல்ல. தாத்தா வந்திருக்காங்க. போன் இல்ல. அழுக வருது ஒனக்கு" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது பிள்ளைக்குத் தண்ணி, வா, போ, ஆயா, மியாவ் என்று பத்துப் பதினைந்து சொல் வருகிறதாம். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தப் பெண் எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பாள். நான் கிளம்பும்போது, "தாத்தா ஊருக்குப் போறாங்க, என்ன சொல்லணும்?" என்று கேட்டார்கள். பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நல்லா, நேராக, கண்ணுக்குள்ளே பார்த்தாள். "போ" என்றாள். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் பேத்தி என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் சொல் அது.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. பிள்ளையைத் திருச்சிக்குக் கொண்டுபோகாதே. உன் அக்கா நல்லவள்தான், ஆனால் இந்தப் பத்துப் பதினைந்து சொல்லும் ஒருத்தியின் வாயைப் பார்த்து வந்தவை. அவளை விட்டுப் பிரித்தால் அவை திரும்ப உள்ளே போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளை படிக்க நீ பெரிய போன் மாதிரி ஒன்று வாங்கி வைத்திருப்பதாகப் பிரிட்டோ சொன்னான். அதைக் கொண்டுவராதே. அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு. வெறுங்கையோடு வந்து தரையில் உட்கார். போன லீவில் நாற்பது நாள் இருந்தாய். ஒரு நாள் பிள்ளை குழம்புச் சட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து உன் முழங்காலில் வைத்தாள். நீ உன் போனைப் பார்த்துக்கொண்டே அவள் தலையைத் தடவினாய். எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். திரும்பவும் தடவினாய். மூன்றாம் தடவை மூடியைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து பையில் கைவிட்டாள். நான் கொடுத்தேன். அதையும் நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதச் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே தப்பைச் செய்துகொண்டிருந்தோம், பழியை மட்டும் மூன்றாவது ஆள் தூக்கியது என்று சொல்லத்தான் எழுதச் சொல்கிறேன். பிள்ளை ஒரு சட்டி மூடியைக் கொண்டுவந்தால் அதை வாங்கு. 'சட்டி' என்று சொல். பிறகு காத்திரு. பதில் வராது. அடுத்த நாளும் வராது. நீ இருக்கிற நாற்பது நாளும் வராமல் போகலாம். அதற்காகக் கையைப் பாக்கெட்டுக்குக் கொண்டுபோகாதே.

என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். வெள்ளிக்கிழமை போன் போடுவதை நிறுத்துவதென்றால் நிறுத்து. நான் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்வேன், அதற்கு நான் தயார்தான். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், என்னிடம் பேசுவதற்கு முன்னால், அறந்தாங்கிக்குப் பேசு. பிள்ளையைக் காட்டச் சொல்லாதே. உன் பெண்டாட்டியிடம் பேசு.

கிழவன் மருமகளைக் காப்பாற்றக் கதை கட்டுகிறான் என்று உனக்குத் தோன்றலாம். யாரிடம் விசாரிப்பாய்? முதல் தடவை நான் கொடுத்ததைப் பார்த்தது உன் அம்மா. அவள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். தினம் தினம் பார்த்தது சவரிமுத்து. நாங்கள் திரும்பப் பேச ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, போன தை மாதம் அவனும் போய்ச் சேர்ந்தான். அவன் இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருப்பான். என்னைத் தவிர இதைப் பார்த்தவர்களில், தெரிந்தவர்களில், இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள். கேட்டால் இப்போதும் 'நான்தான் குடுத்தேன்' என்றுதான் சொல்லும். மாமனார் மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை, அதனால் இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். டீச்சர், பெரிய எழுத்தாக எழுதுங்கள். சகாயராணி.